மூக்கில் விடும் மருந்து பால்வாடிக்கு வராதா?

ஆசிரியருக்கு,

மழை தொடங்கியதும் காய்ச்சல் முகாம் நடத்துகிறோம், மாத்திரை கையிருப்பில் இருக்கிறது, யாரும் பதற வேண்டாம் என்று வருடாவருடம் அறிவிப்பு வருகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பரவியபோது தமிழகத்தில் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் முகாம் நடந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகாம், காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்குத்தான். வராமல் தடுக்க மருந்து இருக்கிறதே, அது ஏன் அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்லி இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் மட்டும் அது இல்லை. தனியார் கிளினிக்கில் ஒரு ஊசி ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. முதல் வருடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு போட வேண்டும்; பிறகு வருடத்துக்கு ஒன்று. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய், அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால். இந்தக் கூலியில் எந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறுவாள்?

உத்திரமேரூர் ஒன்றியத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். (ஊரார் வாயில் இன்னும் பால்வாடிதான்.) திங்கட்கிழமை ஒரு பிள்ளை மூக்கொழுக வந்தால், வாரக் கடைசிக்குள் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். இங்கே பல வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வண்டி ஏறிப் போகிறவர்கள். பிள்ளை பாட்டியிடம். பிள்ளைக்கு இரண்டு நாளில் தணிகிற காய்ச்சல், சர்க்கரை நோய் உள்ள பாட்டிக்கு நெஞ்சுச்சளியாகி செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வரை கொண்டு போய்விடும்.

பிரிட்டனில் 2013இலிருந்து பிள்ளைகளுக்கு மூக்கில் விடும் ஃப்ளூ தடுப்பு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே. பிள்ளையைக் காத்தால் வீட்டிலுள்ள கிழவர்களுக்கும் பரவாது என்பது அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஊசியே கிடையாது. இரண்டு மூக்குத் துளையிலும் ஒவ்வொரு முறை பீய்ச்சுவதோடு சரி.

இது ஏதோ சீமைச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. பன்றிக் காய்ச்சல் பரவிய சமயம், 2010 ஜூலையில், புனேயின் சீரம் நிறுவனம் மூக்கில் விடும் தடுப்பு மருந்தை இங்கேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஒரு டோஸின் விலை 158 ரூபாய். நம் நாட்டுத் தொழிற்சாலைக்குத் தெரிந்த வித்தை நம் நாட்டுப் பால்வாடிக்கு எட்டவில்லை.

ஊசி இல்லை என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஆறாவது வாரத்தில் ஒரே நாளில் மூன்று ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் இவர்கள். அன்று இரவு முழுக்க அழும் பிள்ளையை வைத்திருந்த தாய், அடுத்த தவணைக்குத் தடுப்பூசி நாளான புதன்கிழமை வரத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும். போலியோ சொட்டு மருந்து ஞாயிறன்று அந்தக் கெஞ்சலே இருக்காது. காலையிலேயே இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பார்கள். வருடாவருடம் கொடுக்க வேண்டிய மருந்துக்கு இதைவிட வேறு என்ன வழி?

எல்லாருக்கும் மூக்கு மருந்து ஒத்துவராது என்பதும் தெரியும். வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியில் செய்தது. இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், இளைப்பு உள்ள சிறு பிள்ளைகளுக்கும் ஊசிதான். சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரித் தூசியில் வளரும் பிள்ளைகளை இதற்காக முதலில் டாக்டர் பார்க்கத்தான் வேண்டும். பலனும் வருடத்துக்கு வருடம் கூடும், குறையும். அமெரிக்காவில் 2016 முதல் இரண்டு பருவங்களுக்கு மூக்கு மருந்தைப் பரிந்துரைக்காமல் நிறுத்தி, 2018இல் மறுபடி சேர்த்தார்கள். பிரிட்டன் நிறுத்தவே இல்லை. இதையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து வேண்டாம் என்று ஒரு நிபுணர் குழு சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பேச்சே எடுக்காமல் இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தயாரிக்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது. தடுப்பூசிக்கென்றே செங்கல்பட்டு அருகே மத்திய அரசு நிறுவனம் நூறு ஏக்கரில் வளாகம் கட்டியது. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தபோது அது சும்மா கிடந்தது. குத்தகைக்குக் கேட்டு டெல்லிக்குக் கடிதமும் எழுதினார். எங்கள் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த மண்ணில் இருக்கும் வளாகம் என்பதால் வயிறு எரிகிறது.

டெல்லி தன் பட்டியலில் சேர்க்கும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டாம். மருந்துகளை மொத்தமாக வாங்க 1994இலிருந்தே நமக்கு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. முதலில் இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பால்வாடிப் பிள்ளைகளுக்கு, ஓர் ஒன்றியத்தில் மட்டுமாவது, கொடுத்துப் பார்க்கட்டும். உத்திரமேரூரிலேயே தொடங்கலாம். வடக்கே பல இடங்களில் ஜூலை-செப்டம்பரில் உச்சத்துக்குப் போகும் ஃப்ளூ, சென்னை, வேலூர் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் ஏறுகிறது. செப்டம்பருக்குள் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்து ஐஸ் பெட்டிக்கு வந்துசேர வேண்டும். அதற்கான ஆர்டரை எந்த மாதம் போடப் போகிறார்கள் என்று சுகாதாரத் துறை உங்கள் பத்திரிகை வழியாகவே பதில் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.