அட்டையில் அரை ஓட்டை இல்லை

பட்டுச்சேலையின் கரையில் ஓடும் மயில் இப்போதெல்லாம் தறிக்கு வருவதற்கு முன்பு கணினித் திரையில்தான் உருவாகிறது. கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பிய வேலையைத் திரையில் செய்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி. குறுக்கே எண்ணினால் பாவு நூலைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியின் ஹூக், மேலிருந்து கீழே எண்ணினால் ஊடை நூல். 240 ஹூக் பெட்டிக்கு 400 ஊடை நீளத்தில் ஒரு பார்டர் போட்டால் 96,000 புள்ளிகள். அதை 256 நிறக் கணக்கில் பிஎம்பி கோப்பாகச் சேமித்தால் 100 கேபிகூட வராது. அந்தச் சின்னக் கோப்பு டிசைன் போடுபவரிடமிருந்து, அதன்படி ஜக்கார்டு அட்டைகளில் ஓட்டை போடும் அட்டை அடிப்பவரிடம் போக வேண்டும். அங்கிருந்து அட்டைக் கட்டாக முசரவாக்கம் போன்ற ஊர்களின் தறிக்கு வர வேண்டும். சிக்கல் எல்லாம் அந்த முதல் பயணத்தில்தான்.

"மெயில்ல போவ மாட்டேங்குது அண்ணே, வாட்ஸ்அப்புல போட்டோவா போட்டுட்டேன்." இந்தப் பேச்சைக் காதில் வாங்கும்போதெல்லாம் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஜேபெக் ஆக மாறிவிடும். ஜேபெக் என்பது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு அளவைக் குறைக்கும் முறை. கல்யாணப் போட்டோவுக்கு அது போதும். பார்டருக்குப் போதாது. இரண்டே நிறத்தில் கிளம்பிய மயில், நூற்றுக்கணக்கான நடுநிறங்களோடு வந்து சேர்கிறது. அலகின் ஓரத்தில் கறுப்புமில்லாத வெள்ளையுமில்லாத சாம்பல் புள்ளிகள் படிந்திருக்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஹூக் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அரை ஓட்டை என்று ஒன்று கிடையாது. அந்தச் சாம்பல் புள்ளி எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று மென்பொருள் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. அலகு மழுங்குகிறது, கழுத்தில் பல் விழுகிறது. 400 ஊடைக்கு 400 அட்டை. அடித்துக் கோத்து, தறியில் ஏற்றி, ஒரு முழம் நெய்த பிறகுதான் தப்பு கண்ணில் படும். மறுபடி அட்டை அடித்து வரும்வரை தறி சும்மா நிற்கும். சேலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்குத் தறி நின்ற நாள், கூலி இல்லாத நாள்.

வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். அதைத் தெரிந்தவர்கள் தெரிந்து செய்கிறார்கள். ஆனாலும் தேதியோடு, யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற பதிவோடு, ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்படி இருப்பது மின்னஞ்சல்தான். அதைக் கைவிட வேண்டியதில்லை. அது போகாத காரணம் பெரும்பாலும் கண்டுபிடிக்கக் கூடியதுதான்.

1982-ல் வகுக்கப்பட்ட விதிப்படி மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கும் ஊர்தி. படமோ ஒலியோ அதில் ஏறாது. நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1992 ஜூனில் வெளியிட்ட 'மைம்' விதிகள்தான் அந்தச் சிக்கலைப் பொதுவாகத் தீர்த்தன. எந்தக் கோப்பாக இருந்தாலும் அதன் மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி எழுது, அந்தப் பக்கம் திரும்ப மூன்றாக்கு. நடுவில் எத்தனை சர்வர் தாண்டினாலும் ஒரு புள்ளிகூட இடம் மாறாது. பார்டருக்கு வேண்டியது அதுதானே!

மூன்று பைட்டு நான்கு எழுத்தாவதால் எடை கூடும். 8 எம்பி கோப்பு மடலுக்குள் போனால் 11 எம்பி அருகில் வந்துவிடும். எதிர்ப்பக்க அலுவலக சர்வர் 10 எம்பிக்கு மேல் வாங்காது என்றால், "எட்டுதானே அனுப்பினேன்" என்று வாதாடிப் பயனில்லை. ஜிமெயிலில் எல்லா இணைப்பும் சேர்த்து 25 எம்பி. அதைத் தாண்டினால் அது கோப்பை டிரைவில் வைத்துவிட்டு லிங்க்கை அனுப்பும். அந்த லிங்க்கை வாங்கியவர் வேறொருவருக்குத் தள்ளினால், அந்த மூன்றாவது ஆள் "அனுமதி கேள்" என்ற பக்கத்தில் போய் நிற்பார். அனுமதியை முதலிலேயே 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றிவிட்டால் அந்த வம்பு இல்லை. சேலைப் போட்டோக்களை மொத்தமாக அனுப்பும் கடைக்காரருக்கு இது தினசரிப் பிரச்சினை. ஆனால் 100 கேபி பார்டருக்கு இது பொருந்தாது. அப்படியானால் அது ஏன் போகவில்லை?

நான் பார்த்தவரை முதல் காரணம், பெட்டி நிரம்பியது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயிலும் டிரைவும் போட்டோக்களும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் போனிலிருந்து ஏறும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. வாடிக்கையாளருக்குக் காட்ட எடுத்த சேலை வீடியோக்கள் போனில் குவிந்து, தெரியாமலே மேலே ஏறி இடத்தை அடைத்திருக்கும். இடம் தீர்ந்தால் மெயில் போகவும் போகாது, வரவும் வராது. பெரிய வீடியோக்களை அழித்துக் குப்பையையும் காலி செய்தால் வழி திறக்கும்.

போகாத மடலுக்கு ஒரு பதில் திரும்பி வரும். அனுப்பியவர் பெயர் 'மெயிலர் டீமன்' என்றிருக்கும், முழுக்க ஆங்கிலம். ஏதோ வைரஸ் என்று பயந்து திறக்காமலே அழிக்கிறார்கள். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஆங்கிலம் வராதவர்களும் அதிலுள்ள எண்ணைப் பார்த்தால் போதும். 5.1.1 என்றால் முகவரி தப்பு. 5.2.2 என்றால் வாங்குபவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. 5.3.4 என்றால் மடல் அளவு மீறிவிட்டது. அட்டை அடிக்கும் கடைச் சுவரில் இந்த மூன்றையும் எழுதி ஒட்டலாம். இன்னொன்றும் உண்டு. மடல் வந்திருக்கும், இணைப்பு இருக்காது. நடுவிலிருந்தவர் 'ஃபார்வர்டு' செய்யாமல் 'ரிப்ளை'யில் முகவரியை மாற்றி அனுப்பியிருப்பார். ரிப்ளை இணைப்பைச் சுமக்காது.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "இங்கிலீஷ்லயே பேர் வைங்க சார்" என்பதுதான் பொதுவான அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. முசரவாக்கம் என்ற பெயர் யூனிகோடில் 11 குறிகள், 33 பைட்டுகள். 1997-ல் வந்த விதிப்படி மடலின் தலைப்பில் அதை எழுதினால் 99 எழுத்துகளாக நீளும். பழைய அலுவலக மென்பொருள்கள் சில அதைப் பாதியில் வெட்டிவிடும். வெட்டுப்படுவது பெயரின் வால், அதாவது இது பிஎம்பி என்று சொல்லும் பகுதி. உடனே "ஃபைல் கெட்டுப்போச்சு" என்பார்கள். கெடவில்லை. சேமித்துக்கொண்டு, பெயரின் கடைசியில் அந்த வாலை மறுபடி சேர்த்தால் மயில் முழுசாக இருக்கும். 'மயில் 240' என்று சுருக்கமாகப் பெயர் வைத்தால் அந்தத் தொல்லைகூட அநேகமாக வராது.

தமிழ் இதைவிடப் பெரிய அல்லல் பட்டிருக்கிறது. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டி அனுப்பிய ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொது ஒழுங்கு கொண்டுவர முயன்றது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியல் இன்றைக்கும் வேர்டு கோப்பாகவே கிளம்புகிறது. எழுத்துருவைத் தனக்குள் பொதிந்துகொள்ளும் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், கடைக்காரர் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார்.

டிசைன் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பை இணைத்த பிறகு மடலில் ஒரு வரி எழுதுங்கள்: 240 ஹூக், 400 ஊடை, 2 நிறம், சுமார் 96 கேபி. அட்டை அடிப்பவர் கோப்பைத் திறந்ததும் அந்த வரியோடு ஒப்பிடட்டும். நிறம் இரண்டுக்குப் பதில் இருநூறு என்று காட்டினால் அட்டையை இயந்திரத்தில் வைக்கவே வேண்டாம். போனை எடுத்து, "பிஎம்பியை மறுபடி மெயில்ல அனுப்புப்பா" என்று கேட்டால் போதும்.