அம்மாவின் பாட்டுகளைக் கேட்டு எழுதி வையுங்கள்

இந்த மாதம் சுகாதாரப் பகுதியில் சினிமாப் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். "டிரெசருக்கு வேற வேலையில்லையா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இதுவும் வைத்திய சமாச்சாரம்தான்.

வயதானவர்களுக்கு வரும் மறதி நோயை டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். நம் வீடுகளில் "கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்று சொல்லி மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். நான் பார்த்த ஒரு பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். நாற்பது வருஷம் பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, மகளோடு கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து வெகு காலமாயிற்று. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாளியைத் தேடுகிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கதவைத் தெறடி" என்கிறார். மறித்தால் அடிக்க வருகிறார்.

மகள் என்னிடம் கேட்டது தூக்க மாத்திரை. அந்த வயதில் தூக்க மாத்திரை தின்றால் தடுமாறி விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும், குழப்பமும் கூடும். டாக்டர் பார்க்காமல் அதைக் கொடுக்கவே கூடாது. அதிலும் குழப்பம் திடீரென்று வந்திருந்தால் அது வெறும் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் டாக்டரிடம் அனுப்பினேன். கூடவே ஒன்று கேட்டேன்: "ஒங்கம்மா கொமரிப் பொண்ணா இருந்தப்ப எந்தப் பாட்டும்மா விரும்பிக் கேட்டாங்க?"

மகளுக்குத் தெரியவில்லை. பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டியின் தங்கச்சி ஒருவர் இருந்தாரோ, பிழைத்தோம். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்ட 'பாசமலர்', 'பாலும் பழமும்' பாட்டெல்லாம் அக்காவுக்கு உசிரு என்று அவர் சொன்னார். மகள் அந்தப் பாட்டுகளைக் கைப்பேசியில் எடுத்து வைத்தார். பாட்டி கட்டிலில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டார், தேத்தண்ணி குடித்தார். எல்லா ராத்திரியும் அப்படி அமைவதில்லை. நோயும் குணமாகவில்லை. ஆனால் வாரத்தில் நாலு ராத்திரி மகள் தூங்குகிறார்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் டேன் கோஹன் என்ற சமூக சேவகர் 2006-இலேயே முதியோர் இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டைத் தேடிக் கொடுக்க ஆரம்பித்தார். 2014-இல் அதைப் படமாகவும் எடுத்துக் காட்டினார்கள். நெடுநாள் பழகிய பாட்டு தங்கும் மூளைப் பகுதிகளை அல்சைமர் நோய் அவ்வளவு சீக்கிரம் அரிப்பதில்லை என்று 2015-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிள்ளை பெயர் மறந்தவர் பல்லவியை முழுசாகப் பாடுவது இதனால்தான்.

அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷந்தான் கொள்ளும். அதற்குள் முன்னிசை, பல்லவி, இரண்டு மூன்று சரணம், நடுவில் ஒரு புல்லாங்குழலோ வயலினோ, மறுபடி பல்லவி எல்லாம் அடங்க வேண்டும். விஸ்வநாதன் ராமமூர்த்தி மெட்டிலும் கண்ணதாசன் வரியிலும் வீண் சதை கிடையாது. திரும்பத் திரும்ப வரும் பல்லவி மனதில் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். குரல் வருவதற்கு முன்பே, முன்னிசையிலேயே பாட்டி தலையை ஆட்டுகிறார். அதனால் பாட்டை நடுவிலிருந்து போடாதீர்கள். ரீமிக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எந்தப் பாட்டு என்று தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு. பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரை கேட்டதுதான் ஆழமாகப் பதியும். பிறந்த வருஷத்தோடு 15-ஐக் கூட்டுங்கள், பிறகு 25-ஐக் கூட்டுங்கள். 1950-இல் பிறந்தவருக்கு 1965 முதல் 1975 வரை வந்த பாட்டு. 1960-இல் பிறந்தவருக்கு? 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா! கிழவர் என்றாலே தியாகராஜ பாகவதரைப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் இவருடைய தாத்தா காலத்துப் பாடகர்.

கடையில் விற்கும் பெட்டியிலும் பென்டிரைவிலும் ஆயிரக்கணக்கில் பழைய பாட்டு இருக்கிறது. "இத வாங்கிக் குடுத்தாப் போதாதா?" என்கிறார்கள். போதாது. நான் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கேசட் கடைக்காரரிடம் கொப்பித் தாளில் பாட்டெழுதிக் கொடுப்போம். அறுபது நிமிஷக் கேசட்டில் பதினாறு பாட்டு ஏறும். பதினேழாவது வேண்டுமென்றால் ஒன்றை அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்று அரைமணி நேரம் யோசிப்போம். அப்படிப் பொறுக்கிய பதினாறுதான் ஒருவருடைய பட்டியல். ஐயாயிரம் பாட்டுப் பெட்டி கடைக்காரருடைய பட்டியல்.

கேட்கும்போது சோகப் பாட்டையும் விசாரியுங்கள். புருஷன் செத்த அன்று கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டு நல்ல பாட்டாகவே இருந்தாலும் வேண்டாம். கண்ணில் தண்ணீர் வந்தால் பயப்படாதீர்கள். படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். தொந்தரவு தொடங்கும் நேரத்துக்கு அரைமணி முன்பாகப் போடுங்கள், நாள் முழுக்க அலற விடாதீர்கள்.

புல் வெட்டும் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு காதில் பாட்டு வைக்கும் தம்பிமார்களுக்கு: மெஷின் சத்தத்தை அமுக்கப் பாட்டைக் கூட்டினால் காது இரட்டை அடி வாங்கும். மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் காது மந்தமும் ஒன்று என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு சொல்லியிருக்கிறது. வேலையில் காதுக்கவசம், பாட்டு வீட்டுக்கு வந்த பிறகு.

அம்மா, அப்பா புத்தி தெளிவாக இருக்கும்போதே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எழுதியதை மருந்துச் சீட்டோடு வையுங்கள். பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தாலும், முதியோர் இல்லத்தில் சேர்த்தாலும் துணிமணியோடு அந்தத் தாளும் போக வேண்டும். பாட்டின் முதல் வரி நினைவில்லை என்றால் படத்தின் பெயர், நடித்தது யார், யாரோடு போய்ப் பார்த்தது, அது போதும். தேடி எடுக்கப் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.