டர்போ சி-யை விட்டு வெளியே வரும்போது

கோவில்பட்டிப் பக்கம் கணினி படிக்க வரும் மாணவர்களில் பலர் எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை, சாத்தூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள். வீட்டில் கொஞ்சம் மானாவாரிப் புஞ்சை இருக்கும். அம்மாவோ அக்காவோ தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். "நம்ம வீட்டில் முதலில் கம்ப்யூட்டர் படித்தவன்" என்ற பெயரோடு வகுப்புக்கு வருகிறவர்கள் இவர்கள்.

முதல் வருடம் சி மொழி. நீல நிறத் திரையில் டர்போ சி. ப்ரோகிராம் ஓடுகிறது, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கியாகிறது, தேர்வில் மதிப்பெண்ணும் வருகிறது. மூன்று வருடம் கழித்து வேலைக்கான ஆன்லைன் தேர்வு. அங்கே ஜிசிசி கம்பைலர். ரெக்கார்டில் சரியாக ஓடிய அதே ப்ரோகிராமுக்கு இங்கே பத்துப் பதினைந்து எரர்! தேர்வு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே வரும் மாணவர் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு ப்ரோகிராமிங் வராது."

அது உண்மையல்ல. அவர் கற்றது சி மொழியின் ஒரு பழைய வட்டார வழக்கு. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதே பிரச்சினை. இது ஏதோ ஒரு கல்லூரியின் கதை அல்ல, தமிழ்நாடு முழுவதும் நடந்திருப்பதுதான்.

ஏன் இப்படி ஆகிறது?

போர்லாண்ட் நிறுவனம் டர்போ சி-யை வெளியிட்டது 1987-ல். ஜிசிசி வெளிவந்ததும் அதே 1987-ல்தான். நம் லேப்களில் நிலைத்துவிட்ட டர்போ சி++ 3.0 வந்தது 1991-ல். சி++ மொழிக்கு உலகப் பொதுத் தரம் வந்ததோ 1998-ல். அதாவது தரம் வருவதற்கு ஏழு வருடம் முன்பே நின்றுபோன கம்பைலரில் நம் மாணவர்கள் சி++ படித்திருக்கிறார்கள். ஜிசிசி இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

டர்போ சி எழுதப்பட்டது டாஸ் காலத்துக்கு. 64 பிட் விண்டோஸ் 16 பிட் மென்பொருளை நேரடியாக ஓட்டாது. அதனால்தான் டாஸ்பாக்ஸ் என்ற பொம்மைக் கணினிக்குள் அதை வைத்து ஓட்டினார்கள். புதிய கம்ப்யூட்டர் வாங்கி, அதற்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நடிக்க வைத்துப் பாடம் நடத்தியது போல!

அடிக்கடி வரும் எரர்களும் தீர்வுகளும்

1. தலைப்புக் கோப்புகள்: சி++ ப்ரோகிராமில் 'ஐஓஸ்ட்ரீம்.ஹெச்' என்று எழுதினால் இன்று அந்தக் கோப்பே இல்லை என்று வரும். கடைசி '.ஹெச்' வேண்டாம். அதை எடுத்ததும் 'சிஅவுட்' தெரியவில்லை என்று இன்னொரு எரர் வரும். அது 'எஸ்டிடி' என்ற பெயர்வெளிக்குள் இருக்கிறது. அந்தப் பெயரை முன்னால் சேர்த்தால் சரியாகிவிடும்.

2. 'வாய்ட் மெயின்': சி++ தரப்படி மெயின் ஒரு 'இன்ட்' மதிப்பைத் திருப்ப வேண்டும். சி-யில் ஜிசிசி எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், சி++-ல் விடாது. 'இன்ட் மெயின்' என்று எழுதிப் பழகுவதே நல்லது.

3. 'கோனியோ.ஹெச்': திரையைத் துடைக்கும் 'கிளியர்ஸ்க்ரீன்' கட்டளையும், ஒரு விசைக்காகக் காத்திருக்கும் 'கெட்சிஹெச்'சும் சி மொழியின் பகுதிகள் அல்ல, டாஸ் உலகத்து வசதிகள். லினக்ஸில் இந்தக் கோப்பே கிடையாது. இரண்டு வரிகளையும் அழித்துவிட்டால் போதும், ப்ரோகிராமின் கணக்கு எதுவும் மாறாது. முன்பெல்லாம் ஜிசிசி, அறிவிக்காத ஃபங்ஷனைப் பார்த்தால் எச்சரிக்கை மட்டும் தரும். 2024-ல் வந்த ஜிசிசி 14 முதல் அதுவே எரர்.

4. எண்ணின் அளவு: டர்போ சி-யில் 'இன்ட்' 16 பிட். அதிகபட்சம் 32767. அதனால்தான் 8-ன் ஃபேக்டோரியல் 40320 என்று வராமல் -25216 என்று வரும். ஜிசிசி-யில் 'இன்ட்' பொதுவாக 32 பிட் என்பதால் 12 வரை சரியாக வரும். 13-ல் மறுபடி தப்பாகும். 'லாங் லாங்' பயன்படுத்தினால் 20 வரை போகலாம். கணக்கு பெரிதாகுமா என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் உண்மையான தீர்வு.

5. 'கெட்ஸ்': எத்தனை எழுத்து வரும் என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டே போகும் ஃபங்ஷன். 1988-ல் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று இதுதான். 2011-ம் ஆண்டு சி தரத்திலிருந்து இதை நீக்கிவிட்டார்கள். பதிலாக 'எஃப்கெட்ஸ்' போட வேண்டும். ஆனால் அது கடைசியில் அழுத்திய என்டரையும் சேர்த்தே வைத்திருக்கும். பெயரை ஒப்பிட்டால் பொருந்தாமல் போவது அதனால்தான். அந்தக் கடைசி எழுத்தை நீக்கிவிட்டு ஒப்பிடவும்.

6. 'எஃப்ஃப்ளஷ் எஸ்டிடின்': உள்ளீட்டைத் துடைப்பதற்கு இதைச் சொல்லித் தருவார்கள். டர்போ சி-யில் வேலை செய்யும். தரப்படி இதற்குப் பொருளே இல்லை. லினக்ஸில் பலன் தராது, அடுத்த எழுத்தைக் கேட்காமலே ப்ரோகிராம் தாண்டிப் போகும். 'ஸ்கேன்எஃப்'பில் சதவீதக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் சரியாகும்.

7. அர்ரே எல்லை: பத்து இடம் உள்ள அர்ரேயில் பதினோராவது இடத்தில் எழுதினால் டாஸ் கண்டுகொள்ளாது. அதற்கு நினைவகப் பாதுகாப்பு கிடையாது. லினக்ஸில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ப்ரோகிராம் நின்றுபோகலாம். 'ஸ்கேன்எஃப்'பில் ஆம்பர்சண்ட் குறியை மறந்தாலும் இதே கதிதான்.

8. ஃபார் லூப்: லூப்புக்குள் அறிவித்த 'ஐ' மாறியை வெளியேயும் பயன்படுத்தப் பழைய சி++ விட்டது. இன்று விடாது. வெளியே வேண்டுமானால் வெளியேதான் அறிவிக்க வேண்டும்.

9. "எண்ணை உள்ளிடவும்" என்ற வாசகம்: லேப் தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டு. ஆன்லைன் தேர்வில் விடையைச் சரிபார்ப்பது இயந்திரம். கேட்காத ஒரு வரி அதிகமாக அச்சானாலும் அதற்கு அது தவறான விடை. கணக்கு சரியாக இருந்தும் பூஜ்யம் வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். 5, 6, 7 ஆகிய மூன்றும் புதிய தளத்தில் பிறந்த தவறுகளே அல்ல. பழைய தளத்திலும் தவறாகத்தான் இருந்தன. அங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். எரர் காட்டும் கம்பைலரைத் திட்டுவது, காய்ச்சலைக் காட்டிய தெர்மாமீட்டரைத் திட்டுவது போன்றது.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது

1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 வினாடிக்குள் சிதறியது. காரணம், ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்துவந்த மென்பொருள். ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் அதில் இருந்தது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த 16 பிட் போதும். புதியதன் வேகத்துக்குப் போதவில்லை. ஃபேக்டோரியல் ப்ரோகிராமில் -25216 வருவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. "ஓடிய ப்ரோகிராம்தானே" என்ற நம்பிக்கை ராக்கெட் விஞ்ஞானிகளையே கவிழ்த்திருக்கிறது.

பள்ளிப் பாடத்திலும் இதே மாற்றம் உண்டு. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-ல் பைத்தான் வந்தது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு எழுதிய உதாரணங்கள் இன்றும் கிடைக்கின்றன. பைத்தான் 2-ல் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2. பைத்தான் 3-ல் 2.5. 'இன்புட்' மூலம் 5-ஐயும் 6-ஐயும் வாங்கிக் கூட்டினால் பைத்தான் 3-ல் 11 வராது, 56 வரும்! அது வாங்குவதெல்லாம் எழுத்துச்சரம். 'இன்ட்' என்று மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

உள்ளூர்ச் சந்தைக்கும் இது தேவை

இந்த அறிவு பெங்களூரு போகிறவருக்கு மட்டும் அல்ல. தீப்பெட்டி ஆபீஸ், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய் செய்யும் கடை என்று சிறு தொழில்கள் நிறைந்த ஊர் இது. இப்படிப்பட்ட தொழில்களுக்கு ஒரு காலத்தில் விஷுவல் பேசிக் 6-ல்தான் பில் போடும் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். 1998-ல் வந்த அதற்கு 2008-ல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. பிறகு வந்த விபி டாட்நெட்டுக்கு மாற்றும்போது என்ன ஆகும்? பழையதில் 'இன்டிஜர்' 16 பிட், புதியதில் 32 பிட். பழைய ப்ரோகிராம் எழுதிவைத்த பண்டல் கணக்குக் கோப்பைப் புதியது வேறு அளவில் படிக்கும். முதல் பதிவிலிருந்தே எண்கள் குழம்பும். அந்த இடங்களில் 'ஷார்ட்' என்று மாற்றினால் கோப்பு ஒழுங்காகப் படிக்கப்படும். 'கரன்சி' என்ற வகையே புதியதில் இல்லை. பணக் கணக்குக்கு 'டெசிமல்' போட வேண்டும்.

வரியையும் பாருங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டும் 12 ஆயின. 2025 செப்டம்பரில் 12 சதவீத அடுக்கே நீக்கப்பட்டது. வரியை ப்ரோகிராமுக்குள் எண்ணாகவே எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் திறந்து அறுக்க வேண்டும். தளம் மாற்றும்போது இப்படிப்பட்ட எண்களைத் தனிக் கோப்பில் எடுத்து வைப்பவருக்கே அடுத்த வேலையும் கிடைக்கும்.

எப்படி மாறுவது?

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. 'கே' என்ற எழுத்தோடு வரும் பருத்தி, சோள ரகங்கள் அங்கிருந்து வந்தவை. புது ரகம் வந்தால் விவரமான சம்சாரி முழுக் காட்டிலும் அதையே விதைக்க மாட்டார். ஒரு பக்கம் போட்டு, பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ப்ரோகிராமுக்கும் அதுவே வழி.

முதலில், பழைய தளத்தில் நாலைந்து உள்ளீடுகளைக் கொடுத்து விடைகளைக் குறித்து வைக்க வேண்டும். அந்த விடைகள் சரியா என்று கையால் ஒரு தடவை போட்டும் பார்க்க வேண்டும். பிறகு புதிய கம்பைலரில் ஓட்டி, முதல் எரரை மட்டும் படித்துத் திருத்த வேண்டும். கீழே உள்ள பல எரர்கள் முதல் எரரின் குட்டிகள்தான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முக்கியமான எச்சரிக்கைகள் பலவற்றைக் காட்டும் 'டபிள்யூ-ஆல்' விருப்பத்தைச் சேர்த்தே எப்போதும் கம்பைல் செய்ய வேண்டும்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு

டர்போ சி பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், இன்டர்நெட் வேண்டாம், எழுதவும் ஓட்டவும் ஒரே திரை போதும். கிராபிக்ஸ் லேபில் வட்டமும் கோடும் வரைய அதிலுள்ள வசதிக்கு ஜிசிசி-யில் நேரடி மாற்று இல்லை. இதெல்லாம் உண்மைதான். அப்படியானால் அந்த ஒரு லேபுக்கு மட்டும் டாஸ்பாக்ஸை வைத்துக்கொள்ளலாம். ஜிசிசி-யும் இலவசம்தான். சின்ன லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ஒருமுறை நிறுவிவிட்டால் அதற்கும் இன்டர்நெட் தேவையில்லை. திருத்த வேண்டிய லேப் கையேடு ஒன்றே ஒன்று, திருத்த வேண்டியதும் ஒரு தடவைதான். அதைச் செய்யாததன் விலையை ஒவ்வொரு வருடமும் ஒரு புது வகுப்பு கொடுக்கிறது.

தேர்வுத் தாளும் மாற வேண்டும். 'ஐ'-யை ஒரே வரியில் இரண்டு முறை ஏற்றி, விடை என்ன என்று கேட்பது இன்னும் ஒழியவில்லை. மொழியின் தரப்படி அதற்கு விடையே கிடையாது. டர்போ சி ஒன்று சொல்லும், ஜிசிசி வேறொன்று சொல்லலாம். மனப்பாடம் செய்தவர் மதிப்பெண் பெறுவார், யோசித்தவர் குழம்புவார். அதைவிட, ஓடாத ஒரு ப்ரோகிராமைக் கொடுத்து ஓட வைக்கச் சொல்லலாம். வேலையிலும் அதுதான் தினசரிப் பாடு.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ரெக்கார்ட் நோட்டிலிருந்து ஒரே ஒரு ப்ரோகிராமை எடுத்து, இந்த வாரமே ஜிசிசி-யில் ஓட்டிப் பார்க்கலாம். முதல் எரரைப் படித்துத் திருத்திவிட்டு, என்ன எரர், ஏன் வந்தது என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைக்கலாம். பக்கத்து பெஞ்சு நண்பருக்கும் காட்டலாம். ஆன்லைன் தேர்வு வருவதற்குள் பத்து ப்ரோகிராம் முடித்துவிடலாமே!