ஒழுகும் ஷாக் அப்சார்பரும் ஒத்திப்போடும் முதலாளியும்



கல்லாவில் 10 ரூபாய் குறைந்தால் இரவு வெகுநேரம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். எண்ணெய் டின்னில் ஊசித்துளை விழுந்தால் அடுத்த நிமிடமே வேறு டின்னுக்கு மாற்றுகிறோம். ஆனால் அந்த டின்களைச் சுமந்து வரும் லோடு வண்டியின் சக்கரத்தருகே எண்ணெய் ஒழுகினால் மட்டும் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இந்தப் போக்கு நமக்கு நல்லதல்ல.

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் வேகமாக ஓடும் உயர்ரகக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதில் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஷாக் அப்சார்பர்கள். ஒன்றில் எண்ணெய் கசிந்தது. தம்பி என்ன செய்தார்? குமிழைத் திருகி இறுக்கத்தைக் கூட்டிவிட்டார். இரண்டு நாள் சரியானது போல் இருந்ததாம். பிறகு பழைய ஆட்டமே வந்துவிட்டது.

ஷாக் அப்சார்பர் என்பது எண்ணெயும் பிஸ்டனும் உள்ள ஒரு குழாய். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் துள்ளும். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு ஓடுவதால் அந்தத் துள்ளல் அடங்குகிறது. குமிழைத் திருகினால் எண்ணெய் போகும் வழி குறுகும், அவ்வளவே. எண்ணெய் வெளியேறிய இடத்தில் வழியைக் குறுக்கி என்ன பயன்? ஓட்டைப் பானைக்கு வாயைக் கட்டிய கதைதான்.

அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அருகதை இல்லை. வண்டி துள்ளுகிறது, தாழ்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், நாம் ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டையைச் சேர்த்து, அதன்மேல் இன்னும் நாலு மூட்டை ஏற்றுகிறோம். பட்டை பாரத்தைத் தாங்குமே தவிரத் துள்ளலை அடக்காது. கூடுதல் பாரமே ஷாக் அப்சார்பரை அடிவரை இடிக்கவைத்து, அதன் தண்டையும் ஆயில் சீலையும் கெடுக்கிறது.

எங்கள் கடை வண்டியிலேயே இது நடந்தது. "அண்ணாச்சி, முன்னால ரெண்டு பக்கமும் எண்ணெய் கசியுது, பிரேக் போட்டா மூக்கு குத்துது" என்று ஓட்டுநர் சொன்னார். தீபாவளிச் சரக்கு முடியட்டும் என்றோம். அது முடிந்ததும் பொங்கல் சரக்கு வந்தது. அதற்குள் டயர்கள் திட்டுத் திட்டாகத் தேய்ந்து, இரண்டை மாற்றினோம். அப்போதும் புத்தி வரவில்லை. ஒரு நாள் மண்டியிலிருந்து திரும்பும்போது, மேடு பள்ளமான சாலையில் பள்ளிச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் குறுக்கே வந்தான். ஓட்டுநர் பிரேக் அடித்தார். சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் துள்ளியதில் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே மிஞ்சியது ஒரு முழம். நொறுங்கிய முட்டையையும் பாட்டிலையும் நஷ்டக் கணக்கில் எழுதினோம். அந்த ஒரு முழத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்று முதல் நாம் கடைப்பிடிப்பதை உறுப்பினர்களுக்குச் சொல்கிறோம்.

முதலில், ஒழுகுவது எது என்று பாருங்கள். சக்கரத்தின் உள்புறம் ஈரம் என்றால் அது பிரேக் எண்ணெயாகவும் இருக்கலாம். அப்படியானால் வண்டியை அசைக்கக் கூடாது, மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் தண்டருகே லேசான பிசுபிசுப்பு இருப்பது இயல்புதான். துணியால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டியபின் மீண்டும் பாருங்கள். எண்ணெய் வழிந்து கீழ்வரை இறங்கியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

அடுத்து, ஒன்று ஒழுகினாலும் அதே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் வண்டி இரு பக்கமும் ஒன்றுபோல் நடக்காது. லோடு வண்டிகளில் வரும் சாதாரண வகை, மூடி அடைக்கப்பட்டது. அதில் துளையிட்டு எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே வாயு அழுத்தம் உள்ளவையும் உண்டு. அவற்றைச் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து.

உயர்ரகக் காரின் கதை வேறு. விலை கூடிய, இறுக்கம் மாற்றக்கூடிய வகைகளில் பல, கழற்றிப் புதுப்பிக்கும்படியே செய்யப்பட்டவை. அவற்றை அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து, சீலும் எண்ணெயும் மாற்றி, வாயு வகையாக இருந்தால் வாயுவும் அடைத்து வாங்குவதே சரி. தண்டில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும். ஆகவே தண்டைப் பார்த்த பிறகே செலவு செய்யுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாக் அப்சார்பர் உள்ளிட்ட வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்குரிய சரக்கு விற்று முறையாகக் கணக்குத் தாக்கல் செய்வோர், சரக்கு வண்டிக்கு வாங்கிய உதிரிபாகத்தின் வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும், பொதுவாக வீட்டுக் காருக்கும் இச்சலுகை கிடையாது. எனவே பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத மலிவுச் சரக்கு நமக்கு இரட்டை நஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வண்டியின் கோளாறு முதலில் தெரிவது அவர் கைக்குத்தான். மாற்றச் சொல்லும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. அவர் சொல்லியும் நாம் தள்ளிப்போட்டால், நடப்பதற்குப் பொறுப்பு அவருடையதல்ல, நம்முடையது.

சிக்கனம் வணிகனுக்கு அழகு. ஒழுகுவதை விட்டுவைப்பது சிக்கனமல்ல. நாளைக் காலை கடை திறக்கும் முன் ஒருமுறை குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள்.