டிரை-கேட்ச் இருக்கு, ஆனா பிழை எங்க போச்சு?



எக்செப்ஷன் பற்றிய எபிசோடில் நேரம் போதாமல் விட்ட டெலிகேட் விஷயத்தை இங்க எழுதறேன். என் கருத்து இதுதான்: சி ஷார்ப்பில் பிழை உங்க கைக்கு வருமா வராதா என்பதைப் பல நேரம் டிரை-கேட்ச் முடிவு செய்வதில்லை. டெலிகேட்டின் வகைதான் முடிவு செய்யுது. கோட் ரிவ்யூவில் முதல்ல அதைத்தான் பார்க்கணும்.

ஒரு கடைக்கான டெஸ்க்டாப் ஆப்புன்னு வெச்சுக்குவோம். 'சேமி' பட்டனை அழுத்தினால் எல்லா ஆர்டரும் சர்வருக்குப் போகணும். லிஸ்ட்டின் ஃபார்ஈச் மெத்தடுக்குள்ள ஒரு எசிங்க் லாம்டா, சுற்றி டிரை-கேட்ச், அடுத்த வரியில் "சேமிச்சாச்சு" மெசேஜ். பார்க்கப் பத்திரமாத்தான் இருக்கும்.

ஆனா ஃபார்ஈச் வாங்கிக்கொள்வது ஆக்‌ஷன் வகை. அது எதையும் திருப்பித் தராது. அதனால் கம்பைலர் அந்த லாம்டாவை எசிங்க் வாய்டாக எடுத்துக்கும். ஒவ்வொரு ஆர்டரும் அவெயிட்டில் நிற்கும்போதே ஃபார்ஈச் அடுத்ததுக்குப் போயிடும். வேலை முடியும் முன்னாடியே "சேமிச்சாச்சு" வந்துடும். அப்புறம் நெட்வொர்க் அறுந்தால், உங்க கேட்ச் எப்பவோ முடிஞ்சிருக்கும். பிழை நேரா யூஐ த்ரெட்டுக்குப் போகும். டபிள்யூபிஎஃப்பில் அங்கேயும் யாரும் பிடிக்கலைன்னா ஆப்பே விழும்.

"அப்போ டாஸ்க் தரும் ஃபங்க் வகை போட்டா சரியாயிடுமா?" பாதிதான். டாஸ்க் ஒரு ரசீது மாதிரி. பிழை அதுல எழுதியிருக்கும், அவெயிட் செய்தால்தான் படிக்க முடியும். டபிள்யூபிஎஃப்பில் டிஸ்பேட்சரின் இன்வோக்குக்கு எசிங்க் லாம்டா கொடுத்தால் ஒரு டாஸ்க் திரும்பி வரும். அதைக் கண்டுக்காம விட்டால் பிழை சத்தமில்லாம மறைஞ்சுடும். 2010இல் வந்த டாட்நெட் 4.0இல் இப்படி விட்ட பிழை, பின்னால் கார்பேஜ் கலெக்‌ஷன் நேரத்தில் ஆப்பையே நிறுத்தும். 2012இல் வந்த 4.5இல் அதைத் தளர்த்திட்டாங்க.

என்னைக் கேட்டால் இந்த மௌனம்தான் ஆபத்து. ஆப் விழுந்தால் கடைக்காரர் உடனே போன் பண்ணுவார். ஆர்டர் மட்டும் காணாமல் போனால், மாசக் கடைசியில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும்.

பட்டன் கிளிக் ஹேண்ட்லரில் எசிங்க் வாய்டைத் தவிர்க்க முடியாது, உண்மைதான். அங்கே டிரை-கேட்சை ஹேண்ட்லருக்கு உள்ளேயே வையுங்க. மற்ற இடங்களில் ஃபார்ஈச் மெத்தடுக்குப் பதிலா சாதாரண லூப் போட்டு அவெயிட் பண்ணுங்க. டெலிகேட் வாங்கும் மெத்தடை நீங்களே எழுதினா, டாஸ்க் தரும் ஃபங்க்கையும் ஏத்துக்குங்க.

இன்னொன்று: கோடில் 'எசிங்க் வாய்டு'ன்னு தேடினால் இந்த லாம்டாக்கள் சிக்காது, அந்தச் சொல்லே அங்க இருக்காது. ஆக்‌ஷன் வாங்கும் மெத்தடுகளைத்தான் ஒவ்வொன்றாப் பார்க்கணும். இந்த வாரம் உங்க ப்ராஜெக்ட்ல பாருங்க, கிடைச்சதை எங்களுக்கு எழுதுங்க.