களமே உரைகல்

நீந்தக் கற்பிக்கும் ஒருவனது திறனை அறிய விரும்புவோர், அவனைக் கரையில் நிறுத்திப் பேசச் சொல்வரோ? நீரில் இறங்கி அவன் பிறரை நீந்தச் செய்கின்றானா என்றன்றோ காண்பர்! கற்பிக்கும் தொழில் எதுவாயினும் அதற்கு உரைகல் இதுவே. இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துக் கழகங்கள் பல இவ்வுண்மையை நன்கு உணர்ந்துள்ளன.

அந்நாட்டில் கால்பந்தாட்டத்திற்கெனப் பொதுச் சங்கம் ஒன்று 1863ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்விளையாட்டு இன்று சிறுவர் சிறுமியர்க்கு உரிய பயிற்சியாகவும் விளங்குகின்றது. பெரிய கழகங்கள் இளையோர்க்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. அங்குப் பயிற்சியாளராக விரும்புவோர் சான்றிதழ் காட்டினால் மட்டும் போதாது. நேர்முகத் தேர்வில் இனிமையாக விடை கூறினாலும் போதாது. களத்தில் இறங்கிச் சிறுவர்க்குப் பயிற்சி அளித்தும் காட்டல் வேண்டும். முன்பின் அறியாத பத்துப் பன்னிரண்டு சிறுவர் எதிரே நிற்பர். பொருளும் காலமும் வரையறுக்கப்பட்டிருக்கும். தேர்வுக் குழுவினர் குறிப்பேட்டுடன் எல்லைக் கோட்டருகே நின்று நோக்குவர்.

இத்தேர்வில் தவறுவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒருவர் தாம் கற்றவை அனைத்தையும் ஒருங்கே கொட்ட முயல்வார். பல நிறக் கூம்புகளைப் பரப்பி நெடுநேரம் விளக்கம் உரைப்பார். ஒரு சிறுவன் பந்தை உருட்டிச் செல்ல, ஏனையோர் வரிசையில் நின்று குளிரில் நடுங்குவர். மற்றொருவர் உரத்த குரலில் ஆரவாரம் செய்வார். தவறிய உதைக்கும் ‘நன்று, நன்று’ என்பார். இவ்விருவர் கண்ணும் குழுவினர்மீதே பதிந்திருக்கும், சிறுவர்மீது பதிந்திராது.

நல்லாசிரியர் இயல்பு வேறு. அவர் சிறுவர் பெயரைக் கேட்டறிவார்; சில சொற்களால் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். எதிராளி ஒருவனைக் கடந்து பந்தைக் கொண்டு செல்லுதல் பாடமாயின், இருவர்க்கு ஒரு பந்து அளித்துச் சிறு கட்டங்களில் ஆடவிடுவார். தடுப்பவனே எப்பொழுதும் வென்றால் கட்டத்தை அகலமாக்குவார். கடப்பவனே எளிதில் வென்றால் குறுக்குவார். ஆட்டத்தை ஒருகணம் நிறுத்தி, “நீ அவன் காலைப் பார்த்தாயா, பந்தைப் பார்த்தாயா?” என வினவுவார். விடையைச் சிறுவனே கண்டுகொள்வான். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் கூச்சமுடைய சிறுவனும் அவர் கண்ணுக்குத் தப்பான். இறுதியில் கற்றதைப் பயன்படுத்தி அனைவரும் ஒரு சிற்றாட்டம் ஆடி மகிழ வழிசெய்வார்.

2012ஆம் ஆண்டில் அச்சங்கம் செய்த சீர்திருத்தமும் இந்நெறியைத் தழுவியதே. ஏழு, எட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஐவராகவும், ஒன்பது, பத்து வயதுக்குட்பட்டோர் எழுவராகவும், பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஒன்பதின்மராகவும் ஆடுதல் வேண்டும் என அன்று முடிவு செய்யப்பட்டது. பெரிய களத்தில் பதினொருவர் ஆடினால், சிறு பிள்ளையின் காலுக்குப் பந்து கிட்டுவது அரிது. ஆட்டத்திற்கேற்பக் குழந்தையை வளைத்தல் அறமன்று; குழந்தைக்கேற்ப ஆட்டத்தை அமைத்தலே அறம்.

‘சிறு பொழுதில் ஒருவரது திறனை அளத்தல் கூடுமோ? நடிக்க வல்லவர் வெல்வர். தகுதியுடையோர் அச்சத்தால் தடுமாறித் தோற்பர்’ என்று சிலர் மறுத்துரைப்பர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆதலின், பயிற்சி முடிந்தபின், ‘எது நன்கு நடந்தது? மீண்டும் நடத்தினால் எதனை மாற்றுவீர்?’ எனக் கேட்டல் வேண்டும். தம் பிழையைத் தாமே கண்டு கூறுபவர் நாளை அதனைத் திருத்திக்கொள்வார். தம்மிடம் குறையே இல்லை என்பவர் என்றும் திருந்தார். எனவே, அவ்விடைக்கும் களத்தேர்வுக்கு ஒப்பான மதிப்பு அளித்தல் தகும்.

மற்றொன்றும் நினைவிற்குரியது. களத்தில் நிற்கும் சிறுவர் தேர்வுக் கருவிகள் அல்லர். ஆடவும் கற்கவும் வந்தவர். ஆதலின் தேர்வோர் விண்ணப்பித்தவரின் வாயை நோக்குவதினும் சிறுவர் காலையும் முகத்தையும் நோக்குதல் நன்று. தேர்ந்தெடுக்கப்படுபவரிடம் பிள்ளைகள் பல ஆண்டுகள் ஒப்படைக்கப்படுவர். அவரது கடுஞ்சொல் ஒன்று ஒரு சிறுவனை ஆட்டத்திலிருந்தே அகற்றிவிடலாம். இன்சொல் ஒன்று அவனுக்கு வாழ்நாள் முழுதும் ஊக்கம் தரலாம்.

பதவி ஒருவர்க்கே கிட்டும். ஆயினும், வரும்பொழுது அறியாத ஒன்றை அறிந்துகொண்டு ஒரு சிறுவன் வீடு திரும்புவானாயின், அவனுக்குக் கற்பித்தவர் ஆசிரியர் என்னும் பெயரைப் பெற்றுவிட்டார். அப்பெயர் எந்தப் பதவியினும் பெரிதன்றோ!