கணக்கைச் சாய்ஸில் விடாதீர்கள்!

2024 டிசம்பரில் நம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் மீண்டும் விமானச் சேவை தொடங்கியது. வந்தது ஏ.டி.ஆர். 72 ரக விமானம். வீட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட். அந்த விமானத்தின் நேர்மின் சுற்றிலோ வெறும் 28 வோல்ட்!

560 வாட் கருவி ஒன்று வீட்டில் சுமார் 2.4 ஆம்பியர் எடுக்கும். 28 வோல்ட்டில் 20 ஆம்பியர் வேண்டும். கம்பியின் மின்தடை 0.05 ஓம் என்றால், 1 வோல்ட் கம்பியிலேயே குறைந்துவிடும்; 20 வாட் வெப்பமாக வீணாகும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். மிகத் தடித்த கம்பி விமானத்திற்கு வீண் சுமை. சரியான கம்பியைக் காட்டுவது கணக்குதான்.

ஓம் விதியை ஒப்பிப்பதோடு நின்றுவிடுவது சரியல்ல. மேலே சொன்ன கம்பியின் நீளம் இரு மடங்கானால் என்ன ஆகும்? நீங்களே போட்டுப் பாருங்கள்!